செய்தி என்னும் அமானிதம்

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள்மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர்மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

   

பகலில் கல்லூரியில் பாடம் கேட்டுவிட்டு, மாலையில் கல்லாப் பெட்டியருகே நின்று கணக்கெழுதும் பிள்ளைகள் நாங்கள். ஆலிம்கள் பேச வேண்டிய இடத்தில் நின்று நஸீஹத் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. ஆயினும், எங்கள் வயதுப் பிள்ளைகளின் மனத்தை இராப்பகலாக அலைக்கழிக்கும் ஒரு விஷயத்தைப் பெரியவர்களின் செவியில் போட்டு வைப்பது கடமை என்று தோன்றியதால், இச்சில வார்த்தைகளை எழுதத் துணிந்தோம். அவ்விஷயம் யாதெனில், அன்றாடம் நம் கைக்கு வந்து சேரும் செய்தி.

நம் பாட்டனார் காலத்தில் செய்தி கப்பலேறி வந்தது. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை 'ரஜூலா' கப்பல் தமிழகக் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே ஓடிய நாட்கள் அவை. ஊர்க் கடுதாசி கைக்குக் கிடைக்கும்போது, அதில் எழுதியிருந்த காய்ச்சல் குணமாகியிருக்கும். அல்லது நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்திருக்கும். தந்தி வந்தால் மட்டும் வீடே நடுங்கும். அப்படி நடுங்கிய நாட்கள் ஓர் ஆயுளில் நாலோ ஐந்தோதான் இருந்திருக்கும்.

இன்றோ, தந்தி ஆபீஸ் எங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சுபுஹு தொழுதுவிட்டு முஸல்லாவைச் சுருட்டுவதற்குள் பத்துத் தந்திகள் வந்து விழுகின்றன. 2023 அக்டோபர் முதல் காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்துவிட்டு உணவு உள்ளே இறங்காத பிள்ளைகள் எங்களில் உண்டு. நம் கெடாவிலேயே 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் மலைவெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்து மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. விலைவாசி, வேலையின்மை, ஊரில் கலகம், உலகில் யுத்தம் என்று அடுக்கடுக்காக வருகின்றவற்றுள் எது மெய், எது பொய், எது பாதி மெய் என்று பிரித்தறிய எங்களுக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

இதனால் இரண்டு நோய்கள் எங்களைப் பற்றுகின்றன. ஒன்று, அவநம்பிக்கை, இத்தனை துன்பம் நடக்கும் உலகில் நாம் தொழுவதாலும் படிப்பதாலும் கடை திறப்பதாலும் என்ன ஆகப்போகிறது என்ற சோர்வு. மற்றது, அவசரம், கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் நாலு பேருக்குக் கடத்திவிட வேண்டும் என்ற துடிப்பு. இவ்விரண்டில் அவசரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அந்நோயின் வலியை இந்தக் கெடாவில் நாமே அனுபவித்திருக்கிறோம்.

2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் ஜமாஅத்தும் நின்றன. ரமலான் வந்தது, தராவீஹை வீட்டுக்குள் தொழுதோம். அவ்வாண்டு மலேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்கும் யாரும் போகவில்லை. ஜூலை மாதத்தில் நிலைமை சற்றுத் தெளிந்து, கடைகளுக்கு மக்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். அவ்வேளையில்தான், தமிழகம் சென்று திரும்பிய ஒருவர் வீட்டுத் தனிமைக் காலத்தை முழுமையாகக் காக்கவில்லை என்றும், அவரிடமிருந்து கூபாங் பாசு மாவட்டத்தில் தொற்று பரவியது என்றும் செய்தி வந்தது. சுகாதார அமைச்சு அதற்குச் 'சிவகங்கை கிளஸ்டர்' என்று பெயரிட்டது. பெர்லிஸுக்கும் பினாங்குக்கும் எட்டிய அத்தொற்று, முடிவில் 45 பேரைப் பற்றியது. ஆகஸ்டில் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

அம்மனிதரின் பெயர் நமக்கு இங்கு வேண்டாம். அதை அன்று ஊரெங்கும் சுமந்து திரிந்தவர்கள் போதும். நாம் சொல்ல வந்தது வேறு. அந்த ஒருவருடைய செய்தி, சில நாட்களில் ஒரு சமூகத்தின் செய்தியாகிவிட்டது. சிவகங்கை என்பது நம்மில் பலருக்குத் தாய்தந்தையரின் மண். அச்சொல்லே ஒரு நோயின் பெயராக ஒலித்தது. அப்போது நாங்கள் பள்ளி மாணவர்கள். "உங்க ஆளுதானே?" என்று உடன் படித்தவர்கள் கேட்டபோது எங்களுக்கு மறுமொழி வரவில்லை. வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் சொன்னால், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சகோதரர்களே! இத்தகைய நேரத்தில் ஒரு முஃமின் என்ன செய்ய வேண்டும் என்பதை மார்க்கம் நமக்குச் சொல்லாமல் விடவில்லை. மூன்று காரியங்களை நம்மிடம் கேட்கிறது.

முதலாவது, நிறுத்துப் பார்ப்பது. திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமாகிய ஹுஜுராத்தின் 6-ஆம் வசனத்தில், நம்பத்தகாதவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டிவரும் என்று அல்லாஹு தஆலா எச்சரிக்கிறான். நான்காம் அத்தியாயத்தின் 83-ஆம் வசனமோ, அச்சம் தரும் செய்தியானாலும் அமைதி தரும் செய்தியானாலும் கிடைத்தவுடன் பரப்பிவிடுகிறவர்களைக் கண்டித்து, அதை ரசூலிடமும் பொறுப்புடையவர்களிடமும் கொண்டுசென்றிருந்தால் ஆராய்ந்தறிய வல்லவர்கள் அதன் உண்மையை அறிந்திருப்பார்களே என்று கேட்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு கிளம்பியபோது, அதைக் கட்டியவர் சிலர், கடத்தியவர் பலர். கடத்தியவர்களை நோக்கி அந்நூர் அத்தியாயத்தில் இறைவன் சொன்னதன் கருத்து என்ன? நீங்கள் இதை அற்பமாக எண்ணினீர்கள், அல்லாஹ்விடத்திலோ இது மகத்தான பாவம் என்பதே. காதில் விழுந்ததையெல்லாம் பேசித் திரிவது ஒன்றே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதுமானது என்று நாயகம் (ஸல்) அவர்களும் நவின்றிருக்கிறார்கள்.

இதை வணிகர்களுக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? ஒரு மூட்டை வெங்காயம் கடைக்கு வந்தால், வாயை அவிழ்த்து உள்ளே கைவிட்டு, அழுகல் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த முதலாளியாவது இறக்கச் சொல்வாரா? ஐம்பது வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கல்லாவில் போடுவாரா? அளவையில் குறைப்போருக்குக் கேடுதான் என்று முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குவதை அறிந்த நாம், தராசுத் தட்டில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டிவிட்டு நிறுக்கிறோம். செய்தியும் நம் கைக்கு வரும் சரக்கே; அதற்கும் நிறை உண்டு, அழுகலும் உண்டு. வாங்கும் சரக்கில் ஏமாந்தால் நட்டம் நமக்கு. கடத்தும் செய்தியில் ஏமாந்தால் நட்டம் பிறருடைய மானத்துக்கு. அந்த நட்டத்தைக் கட்ட எந்தக் கல்லாவிலும் பணமில்லை.

இரண்டாவது, நம்மவர் செய்த பிழையை மூடி மறைக்காமலிருப்பது. நான்காம் அத்தியாயத்தின் 135-ஆம் வசனம், உங்களுக்கே விரோதமானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் விரோதமானாலும் நீதிக்காகச் சாட்சியாக நில்லுங்கள் என்று கட்டளையிடுகிறது. தனிமைக் காலம் என்பது அரசாங்கம் நம்மை வாட்டுவதற்காகக் கண்டுபிடித்த புதுச் சட்டமன்று. அதன் வேர் நம் மார்க்கத்திலேயே உண்டு.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமானார்கள். ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. உடனே அவர்கள் என்ன செய்தார்கள்? முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்ஸாரிகளை அழைத்து ஆலோசித்தார்கள். குறைஷிகளில் மூத்தோரையும் அழைத்துக் கேட்டார்கள். கேட்ட பின்னரே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று வினவ, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதியே அல்லவா என்று உவமையும் காட்டினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாக அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

நம் முன்னோரும் இதைப் பழகியவர்களே. இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்தவர்கள் தங்க வைக்கப்பட்ட 'கோரண்டைன்' நிலையம் ஜெரெஜாக் தீவில் இருந்தது. கரை கண்ணுக்கெதிரே தெரிய, அங்கே காத்துக் கிடந்துவிட்டுத்தான் நம்முடைய பெரியவர்களில் பலர் இந்நாட்டு மண்ணை மிதித்தார்கள். ஆகவே, தனிமையைக் காக்கத் தவறுவது பிழை என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. "நம்ம ஆள்" என்பதற்காகப் பிழையைச் சரியென்று வாதாடுவது, சமூகத்தைக் காப்பதாகாது. பிழை செய்தவருக்கும் அது உதவியன்று.

மூன்றாவது, ஒருவர் பிழையை இன்னொருவர் தலையில் ஏற்றாமலிருப்பது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் விதி. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியிருந்தவர்களிடையே தொற்று கண்டறியப்பட்டபோது, இந்தியாவில் ஒரு சமுதாயம் முழுவதையுமே நோயைப் பரப்பியவர்களாகப் பேசிய பேச்சு நம் நெஞ்சில் தைத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்துக்கு வந்திருந்த 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தையும் பதிவு செய்தது. அதைப் படித்து நாம் ஆறுதலடைந்தோம், அது நியாயமே.

ஆனால் பெரியோர்களே, இதே தராசில் இன்னொரு பொருளையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 2020 ஏப்ரலில், ரொஹிங்யா அகதிகள் ஏறத்தாழ 200 பேரை ஏற்றிவந்த படகொன்று நம் லங்காவிக்கு அருகே தடுக்கப்பட்டு, உணவு கொடுக்கப்பட்டு, கடலுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அரசாங்கத்தின் முடிவைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. அந்த மாதத்தில் அம்மக்களைப் பற்றிக் கைபேசிகளில் உலாவிய ஏச்சுகளையும் ஏளனங்களையும் பற்றிப் பேசுகிறோம். அவர்களும் கலிமாச் சொன்ன மக்களே. அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. இன்று தோட்டங்களில் பால் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் வரும் வங்காளதேசிகளையும் நேப்பாளிகளையும் பற்றி, யாரோ ஒருவன் செய்த திருட்டைக் காட்டி, "இவனுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று ஒரு செய்தி வந்தால், அது நம் கையில் நிற்கிறதா, கையைத் தாண்டிப் போகிறதா? பள்ளியில் "உங்க ஆளுதானே?" என்று கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அக்கேள்வியின் வலி தெரியும். நம்மீது சுமத்தப்பட்டபோது அநியாயமாக இருந்தது, பிறர்மீது சுமத்தும்போது மட்டும் நியாயமாகிவிடுமா? தராசு ஒன்றுதான் இருக்க வேண்டும். வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு ஒரு படியும் வைத்திருப்பவனை எந்த வசனம் கண்டிக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனி, முதலில் சொன்ன மற்றொரு நோய்க்கு வருவோம். நிறுத்துப் பார்த்த பின்னும், செய்தி மெய்யாகவே துயரமானதாக இருந்தால் என்ன செய்வது? காஸாக் குழந்தையின் படம் மெய்தான். கூப்பாங் வெள்ளமும் மெய்தான். ரஹ்மானாகிய இறைவன் ஏன் இதை நடக்க விட்டான் என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. இக்கேள்வியைக் கேட்கும் பிள்ளையை, "ஈமான் கெட்டுப்போச்சு" என்று அதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம். அதட்டினால் கேள்வி போய்விடாது, பிள்ளைதான் போய்விடும்.

அச்சத்தாலும் பசியாலும், பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் உங்களைச் சோதிப்போம் என்று பகரா அத்தியாயத்தில் இறைவன் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். துன்பம் வராது என்று அவன் நமக்கு வாக்களிக்கவில்லை. துன்பத்தில் நாம் அவனுக்குரியவர்கள் என்பதை மறவாதவர்களுக்கு அருளையும் நேர்வழியையும் வாக்களித்தான். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவன் நம்மீது சுமத்தவில்லை; கைக்கெட்டிய கடமையையே சுமத்தினான்.

கியாமத் நாளே வந்துவிட்டாலும், உங்களில் ஒருவர் கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததாக ஹதீஸ் உண்டு. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் தோட்டங்களைச் சுற்றிக் கடை வைத்து வாழ்ந்த நமக்கு இதன் பொருள் பிறரைவிட நன்றாகவே விளங்கும். ரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நடுகிறவன் அதுவரை இருப்பானா, ரப்பர் விலை இருக்குமா, தோட்டமே இருக்குமா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. இருந்தும் குழி வெட்டினான், நட்டான். தோட்டத்துச் சம்பளம் வராத மாதத்திலும் பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி அளந்து கொடுத்த நம் பாட்டனாரும் அவ்வகையில் ஒரு கன்றை நட்டவரே. அவர் உலகத்துத் துயரத்தைத் தீர்க்கவில்லை. ஒரு லயத்து வீட்டில் அன்றிரவு உலை கொதிக்கச் செய்தார்.

ஆகவே, நம் அன்றாட வாழ்வில் கைக்கொள்ள வேண்டியவை என்று எங்கள் சிற்றறிவுக்குத் தோன்றியவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், இதை யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், இதனால் யாருக்கு நன்மை என்ற மூன்று கேள்விகளைக் கேட்போம். மூன்றுக்கும் விடையில்லாவிட்டால் அது நம்மோடு நிற்கட்டும்.

பஞ்சம் வரும், தட்டுப்பாடு வரும் என்ற வதந்தியைக் கேட்டவுடன் சரக்கைப் பதுக்கவோ விலையை ஏற்றவோ செய்யாதிருப்போம். 2020 மார்ச்சில் ஆணை அறிவிக்கப்பட்டவுடன் மக்கள் கடைகளில் முண்டியடித்ததையும், முகக் கவசத்துக்கு அரசாங்கம் உச்சவிலை விதிக்க நேர்ந்ததையும் மறக்கவில்லை. பதுக்குகிறவன் பாவி என்பது நபிமொழி. அச்சத்தை விற்றுச் சேர்த்த காசில் பரக்கத் இருக்காது.

துயரச் செய்தி கேட்டால், பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நில்லாமல் ஒரு துஆவும், இயன்ற ஸதக்காவும், அருகிலிருக்கும் ஒருவருக்கு ஓர் உதவியும் செய்வோம். தூரத்துக் காயத்துக்குக் கை எட்டாத நாளில் பக்கத்துத் தெருவில் காயம்பட்டவர் இருப்பார்.

இரவு கடையடைத்து வீடு திரும்பும் பெரியவர்கள், உண்ணும் வேளையிலாவது கைபேசியைத் தள்ளிவைத்து, "இன்னிக்கு என்னப்பா படிச்சே, என்ன கேள்விப்பட்டே?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எங்களுக்கு உலகச் செய்தி பத்தாயிரம் பேரிடமிருந்து வருகிறது. அதை எப்படி நிறுப்பது என்பதை, நாற்பதாண்டு தராசு பிடித்த கையிடமிருந்துதான் கற்க முடியும்.

யா அல்லாஹ்! எங்கள் காதுகளையும் நாவுகளையும் விரல்களையும் அமானிதம் காப்பவையாக ஆக்குவாயாக! எங்கள் தராசுகளை நேராக வைப்பாயாக! அநியாயம் செய்யப்பட்டோரின் துயர் துடைப்பாயாக! எங்கள் கடைகளிலும் வீடுகளிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.